சோடி இல்லாத மயிலையும் சீரக மிட்டாயும்

போன வருடம் என் தங்கை மெல்போர்னிலிருந்து மூன்று வார லீவில் கோபிக்கு வந்திருந்தாள். அவள் மகளின் பத்தாவது பிறந்தநாள் அந்த மூன்று வாரத்துக்குள் வந்தது. என்ன வேணும் அம்மிணி என்று கேட்டேன். கேக் கேட்கவில்லை, துணி கேட்கவில்லை. "ஃபெயரி பிரெட் வேணும் மாமா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. தங்கைதான் விளக்கினாள். வெள்ளை பிரெட்டில் வெண்ணெய் தடவி, அதன்மேல் கடுகைவிடச் சின்னதாக இருக்கும் கலர் சர்க்கரை உருண்டைகளைத் தூவி, முக்கோணமாக வெட்டித் தருவது. அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் குழந்தைகளின் பிறந்தநாள் விருந்து என்றால் பெரும்பாலும் இது இருக்கும். அந்தக் கலர் உருண்டைகளை அங்கே "ஹண்ட்ரட்ஸ் அண்ட் தௌசண்ட்ஸ்" என்கிறார்கள். நூறுகளும் ஆயிரங்களும்! ஒரு சிட்டிகை அள்ளினாலே அத்தனை வரும் என்பதால் அந்தப் பெயர் எனக்கு உடனே பிடித்துவிட்டது.

கடைவீதியில் கேக் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரருக்குத் தெரியவில்லை. கையில் காட்டியதும், "கலர் பால்ஸுங்களா? பெருசுங்களா, பொடிசுங்களா?" என்றார். பொடிசு என்றேன். மேல் தட்டிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துத் தந்தார். வெளிநாட்டுச் சரக்கு. அதன் லேபிளில் ஆங்கிலத்தில் "நான்பரேல்ஸ்" என்று அச்சிட்டிருந்தது.

வண்டியை எடுக்காமல் அந்த லேபிளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தச் சொல்லை எனக்கு வேறு இடத்தில் தெரியும். ஆங்கிலத்தில் ஒருவரை ஈடு இணை இல்லாதவர் என்று புகழ வேண்டுமானால் எடுக்கிற சொல். கொஞ்சம் பழையது, கொஞ்சம் உயரமான பீடத்தில் உட்கார்ந்திருப்பது. பெரிய வித்வான்களுக்கும் வீரர்களுக்கும் போட வேண்டிய அந்த மாலை, கோபி கடைவீதியில் ஐம்பது கிராம் சர்க்கரை உருண்டையின் கழுத்தில் கிடக்கிறது. அன்று ராத்திரி அகராதியோடு உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. நோன் என்றால் இல்லை. பரேய் என்றால் ஒத்தது, சமமானது. ஒத்தது இல்லாதது. 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. பிரெஞ்சு மிட்டாய்க்காரர்கள் தங்கள் சர்க்கரை மிட்டாய்களிலேயே மிகச் சிறியதற்கு இந்தப் பெயரை வைத்திருந்தார்கள். அதே வழியில் ஆங்கிலத்திலும் புகழுக்கு ஒன்று, மிட்டாய்க்கு ஒன்று என்று இரண்டு பொருளும் தங்கிவிட்டன. அமெரிக்காவில் வட்டமான சாக்லெட் வில்லையின் தலையில் இந்த வெள்ளை உருண்டைகளை ஒட்டி, அந்த வில்லையையும் இதே பெயரால் அழைக்கிறார்கள். தங்கை மகள் ஊரில் அதற்கு "ஃப்ரெக்கிள்ஸ்" என்று பெயராம், முகத்தில் விழும் புள்ளிகள்.

மறுநாள் காலையில் அம்மா அந்த பாட்டிலைத் திறந்து நாலு உருண்டையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். வாயில் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"நம்ம சீரக முட்டாயாட்டமே இருக்குது சாமி. ஆனா உள்ளுக்குள்ள சீரகத்தைக் காணமே?"

அம்மா சொன்னது எவ்வளவு சரி என்பது படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. பாரியூர்க் குண்டம் திருவிழாவில் மிட்டாய்க் கடைகளில் குவித்து வைத்திருப்பார்களே, வெள்ளையும் ரோஸும் மஞ்சளுமாகச் சீரக மிட்டாய், அதற்கு ஐரோப்பாவில் ஒரு அண்ணன் முறை உண்டு. சோம்பு, கொத்தமல்லி விதை, சீமைச் சோம்பு போன்றவற்றைச் சர்க்கரைக்குள் மூடிச் செய்த மிட்டாய். சாப்பிட்டு முடித்ததும் ஜீரணத்துக்காக அதை மெல்லுவார்கள். நம் ஊர் மெஸ்களில் பில் கொடுக்கிற இடத்தில் கிண்ணத்தில் கலர் சோம்பு வைக்கிறார்களே, அதே பழக்கம்தான்.

அதைச் செய்த விதம் பொறுமைக்கு ஒரு பாடம். அகலமான ஒரு தட்டைக் கரி அடுப்புக்கு மேலே கயிற்றிலோ சங்கிலியிலோ தொங்கவிடுவார்கள். விதைகளை அதில் போட்டு, சூடான சர்க்கரைப் பாகை ஒரு கரண்டி ஊற்றி, தட்டை ஆட்டிக்கொண்டே கையால் புரட்டுவார்கள். விதையின் மேல் மெல்லிய ஒரு தோல் படியும். அதைக் காயவிட வேண்டும். காய்ந்ததும் அடுத்த கரண்டி. மறுபடியும் ஆட்டல், மறுபடியும் காய்ச்சல். அவசரப்பட்டுக் கூடுதலாகப் பாகு ஊற்றினால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இப்படிப் பல முறை பூசினால்தான் விதை உருண்டையாகும். பெரியதாக வேண்டுமென்றால் நாள் கணக்கில் இழுக்கும். சர்க்கரை விலை அதிகமாக இருந்த காலத்தில் இது பணக்கார வீட்டுப் பண்டம்.

அந்த வரிசையில் கடைக்குட்டிதான் நான்பரேல். இன்றைக்கு விதைக்குப் பதிலாக ஒரு சர்க்கரைப் படிகத்தைச் சுழலும் தொட்டியில் போட்டு, அதன்மேல் சர்க்கரைப் பாகும் மாவுச்சத்தும் ஏற்றி, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் உருண்டையாக்குகிறார்கள். மொத்தமும் சர்க்கரைதான். அம்மா தேடிய சீரகம் உண்மையிலேயே அங்கே இல்லை.

இதில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. அம்மா தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேப்சூல் போடுகிறார், நெஞ்செரிச்சலுக்கு. அந்த மாதிரி கேப்சூலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே பொடிப்பொடி உருண்டைகள் இருக்கும். மருந்துத் தயாரிப்பில் இத்தகைய உருண்டைகளுக்கு நடுவில் கருவாக வைப்பதற்கென்றே சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்த மணிகளைச் செய்கிறார்கள். அவற்றின் பெயரும் நான்பரேல் விதைதான். அதன்மேல் மருந்தைப் பூசி, வேண்டுமானால் வயிற்று அமிலத்தில் கரையாத ஒரு பூச்சும் கொடுத்து, குடலுக்குப் போன பிறகு கரையும்படி செய்கிறார்கள். அந்தக் காலத்தில் மருந்து உள்ளே, சர்க்கரை வெளியே. இப்போது சர்க்கரை உள்ளே, மருந்து வெளியே. விதை என்ற பெயர் மட்டும் எப்படியோ திரும்பி வந்துவிட்டது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நானு தெனமும் முட்டாயிதான் முழுங்கறனா?" என்று கேட்டுவிட்டு, வெகு நேரம் அந்தக் கேப்சூல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இந்தப் பெயர் போய் உட்கார்ந்த மற்ற இடங்களையும் தேடினேன். ஊறுகாய் போட்டு விற்கும் கேப்பர் என்ற செடியின் பூமொட்டுகளில் 7 மில்லிமீட்டருக்கு உட்பட்ட, இருப்பதிலேயே சிறிய தரத்துக்கு இதே பெயர். அச்சுத் தொழிலிலும் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஈரோட்டில் என் மாமாவின் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். தமிழுக்குப் பத்துப் பாயிண்டுக்குக் கீழே அங்கே எழுத்து கிடையாது. ஆங்கிலத்துக்கு மட்டும் ஒரு ஆறு பாயிண்ட் கேஸ் இருந்தது. பத்திரிகையின் அடியில் அச்சகத்தின் பெயரையும் போன் நம்பரையும் போடுவதற்கு. அந்த எழுத்தை விரலால் எடுக்க வராது, நகத்தால்தான் கிள்ளி எடுக்க வேண்டும். கீழே விழுந்தால் விளக்கு வைத்துத் தேட வேண்டும். பாயிண்ட் கணக்கு வருவதற்கு முன்னால் ஆங்கில அச்சுக்காரர்கள் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பைகா என்றால் இப்போதைய 12 பாயிண்ட். அதில் சரிபாதி, இந்த ஆறு பாயிண்டுக்குச் சமமானதுதான் நான்பரேல். இரண்டு வருடமாக என் நகக்கண்ணில் ஒட்டிக்கிடந்த எழுத்தின் பெயர் எனக்கு முப்பது வருடம் கழித்து ஒரு மிட்டாய் பாட்டிலில் கிடைத்தது.

ஆக, இந்தச் சொல் மனிதர்களிடம் போனால் பெரியவர்களைத் தேடுகிறது, பொருள்களிடம் போனால் பொடிசுகளைத் தேடுகிறது. எனக்கு இரண்டாவதுதான் கூடுதல் அழகாகத் தெரிகிறது.

சரி, வேருக்கு வருவோம். பரேய்க்கு மூலம் லத்தீனில் பார் என்ற சொல். சமம் என்று பொருள். ஆங்கிலத்தில் ஜோடியைக் குறிக்கும் பேர் என்ற சொல்லும், நிகரானவரைக் குறிக்கும் பியர் என்ற சொல்லும், ஒப்பிடுவதைக் குறிக்கும் கம்பேரும் இந்தக் குடும்பம்தான். அப்புறம் ஒருவர் இருக்கிறார், அவரை நான் எதிர்பார்க்கவேயில்லை. அம்பயர்! பழைய பிரெஞ்சில் நோன்பேர் என்றால் ஜோடி சேராத ஒற்றை. இரண்டு பேர் சண்டையில் எந்தப் பக்கமும் சேராத மூன்றாவது ஆள். அது ஆங்கிலத்தில் நௌம்பியர் ஆகி, முன்னால் வரும் "அ" என்ற சொல்லோடு அதன் முதல் எழுத்து ஒட்டிக்கொண்டு போய்விட, மிச்சம் ஔம்பியர் ஆகி, கடைசியில் அம்பயர் ஆனது. நிகரற்றவரும் அம்பயரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இது எங்கள் ஊரில் வளர்ந்த எந்தப் பையனுக்கும் அகராதி இல்லாமலே தெரிந்த விஷயம். கிரிக்கெட்டோ கபடியோ, ஆள் பிரிக்கும்போது இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்ந்து தள்ளிப் போய், ரகசியமாகப் பேர் வைத்துக்கொண்டு வருவோம். "புலி வேணுமா, சிங்கம் வேணுமா?" கேப்டன் ஒன்றைக் கேட்பான். சோடியில் ஆளுக்கொருவன் ஆளுக்கொரு பக்கம். சமமான ஆட்டக்காரர்கள்தான் சோடி சேர வேண்டும் என்பது விதி. ஒற்றைப்படையில் ஒருவன் மிச்சப்பட்டால் அவன் அம்பயர். சின்னப் பையனாக இருந்தால் இரண்டு பக்கமும் ஆடலாம், ஆனால் அவன் அவுட் கணக்கில் வராது. அவனுக்குப் பேர் உப்புக்குச் சப்பாணி.

அந்த உப்பு என்னை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருநாகேஸ்வரத்தில் ஒப்பிலியப்பன் கோயில் இருக்கிறது. நம்மாழ்வார் அந்தப் பெருமாளை "தன்னொப்பாரில்லப்பன்" என்று பாடினார், தனக்கு ஒப்பானவர் யாரும் இல்லாத அப்பன். அந்த ஒப்பிலியப்பன் ஜனங்கள் வாயில் உப்பிலியப்பன் என்றும் வழங்குகிறார். அதற்கு ஒரு கதையும் உண்டு. கிழவர் வேடத்தில் வந்த பெருமாள் மார்க்கண்டேய முனிவரின் மகளைப் பெண் கேட்கிறார். உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாத சின்னப் பெண் என்று முனிவர் தட்டிக்கழிக்க, உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்கிறார் பெருமாள். இன்றைக்கும் அங்கே நைவேத்தியத்தில் உப்பு கிடையாது. பிரெஞ்சில் ஒப்பில்லாதது சர்க்கரை டப்பாவுக்குள் போனது. தமிழில் ஒப்பில்லாதவர் உப்பு டப்பாவை ஒதுக்கிவைத்தார். இரண்டு மொழியிலும் அந்தச் சொல் சமையலறை வழியாகத்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்கு யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஆனால் இத்தனையும் படித்துக்கொண்டிருந்தபோது என் மனதில் நின்றது வேறு. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, வைத்திருந்த மயிலை மாடு.

நம்பியூர் பக்கம் எங்கள் ஊர். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பாருவிடம் ஒரு சோடி காங்கேயம் எருதுகள் இருந்தன. காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்கும், ஆறேழு மாதத்தில் அந்தச் செம்மை போய்ச் சாம்பல் நிறம் வரும். அப்படி வந்த மயிலைகள் இரண்டும். கண்ணபுரம் தேருக்குக் கூடும் மாட்டுச் சந்தையில் கன்றாக வாங்கி, ஒன்றாகவே பழக்கியவை. உயரம் ஒன்று, கொம்பு ஒன்று, நடை ஒன்று. வண்டியில் பூட்டினால் நுகத்தடி தண்ணீர் மட்டம் வைத்த மாதிரி நிற்கும் என்று அப்பாரு சொல்வார். மழை முடிந்த ஒரு வாரத்தில் இடத்து மாட்டைப் பாம்பு கடித்துவிட்டது. விடிவதற்குள் போய்விட்டது.

மிச்சம் இருந்த வலத்து மாட்டுக்குச் சோடி தேடி அப்பாரு அலைந்த அலைச்சல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு என்னையும் கூட்டிப்போனார். ஒவ்வொரு பட்டியாக நின்று பார்த்தார். பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், கொஞ்சம் நடத்திக் காட்டச் சொல்வார். ஒன்று உயரம் குறையும், இன்னொன்று வேகம் குறையும், வேறொன்றுக்கு எல்லாம் சரியாக இருந்து கொம்பு வேறாக இருக்கும். தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலில் விலை பேசுவதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாட்டை முன்பே அறிந்த ஒரு தரகர் கடைசியில் சொன்னார்:

"அதுக்குச் சோடியே கெடையாதுங்க. அந்த மாதர மாடு இனிப் பொறந்துதான் வரோணும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், நம் மாட்டுக்குச் சோடியே கிடையாதாம் என்று நான் நாலைந்து முறை சொல்லியிருப்பேன். அப்பாரு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சத்தியமங்கலம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சோடி இல்லீன்னா அது பெருமையா கண்ணு? அது பாவங் கண்ணு. கட்டுத்தறியில நிக்கிறதுக்கா மாடு?"

அது உண்மை. ஒற்றை மாட்டுக்கு வண்டி இல்லை, உழவு இல்லை. மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டில் கிளுவை வேலியோரமாக நிழலில் நிற்கும். பழக்க தோஷத்தில் இடது பக்கம் ஒரு மாட்டுக்கு இடம் விட்டே நிற்கும். தண்ணீர்த் தொட்டியிலும் ஒரு ஓரமாகத்தான் வாய் வைக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அதைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். யாரும் புகழாத நேரத்தில் அப்பாரு அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பார்.

ஒப்பற்ற, நிகரற்ற, இணையற்ற என்று நாம் மேடையில் அடுக்குகிறோம். இணையற்ற என்றால் இணை இல்லாத என்றுதானே பொருள்? அன்றில் பறவையில் ஒன்று செத்தால் மற்றதற்கும் அதே சொல்தான். நோன் பரேய் என்று சொன்ன பிரெஞ்சுக்காரரும் அதையேதான் சொன்னார். புகழ்ச்சியும் தனிமையும் ஒரே சொல்லில் இருப்பது அகராதிக்கு உறுத்தவில்லை. மாடு வைத்திருந்தவருக்கு உறுத்தியது.

கலிஃபோர்னியாவில் ஒரு பாதாம் ரகத்துக்கும் நான்பரேல் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹேட்ச் என்பவர் சூசூன் என்ற ஊரில் நாற்றுகளிலிருந்து தேர்ந்தெடுத்தது. மெல்லிய ஓடு, தட்டையான அழகான பருப்பு, இன்றும் அங்கே அதுதான் முதன்மையான ரகம். ஆனால் அந்த மரத்தின் மகரந்தம் அதே ரகத்துப் பூவில் காய் பிடிக்காது. தோட்டம் முழுக்க நான்பரேலையே நட்டால் பூக்கும், காய்க்காது. ஒரு வரிசை இது, பக்கத்து வரிசை வேறு ரகம் என்று நட்டு, பூக்கிற சமயத்தில் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஒப்பில்லாதது என்று பெயர் வைத்த மரத்துக்கும் பக்கத்தில் துணை நிற்க வேண்டியிருக்கிறது. அப்பாருவுக்கு இதைச் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது.

பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால் தங்கை மகளைக் கவுந்தப்பாடிக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டிருந்தாள். எங்கள் பக்கம் சக்கரை என்றால் நாட்டுச் சர்க்கரைதான். வெள்ளைச் சீனியை அம்மா இன்னும் அஸ்கா என்றுதான் சொல்வார். ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்து அஸ்கா என்ற ஊரின் சர்க்கரை ஆலை நம் வாயில் விட்டுப்போன பெயர் அது. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரும் நாட்டுச் சர்க்கரையைப் பழநி தேவஸ்தானம் பஞ்சாமிர்தத்துக்கு வாங்குகிறது. ஆலைக் கொட்டகையில் கொப்பரையில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அழுக்கு நுரையை எடுத்து எடுத்து, பாகு பதம் வந்ததும் தொட்டியில் கொட்டி, கட்டையால் தேய்த்துத் தேய்த்துப் பொடியாக்கினார்கள். சூட்டோடு ஒரு கை அள்ளி அவள் கையில் கொடுத்தார் ஒரு அம்மா. "இது மண்ணு மாதிரி இருக்கு, ஆனா நல்லா இருக்கு" என்றாள்.

அங்கே நின்ற கரும்பைக் காட்டி நான் அவளுக்குக் கோயம்புத்தூர்க் கதையைச் சொன்னேன். 1912இல் கோவையில் கரும்பு ஆராய்ச்சிக்கென்று ஒரு நிலையம் தொடங்கினார்கள், இன்றைய கரும்பு இனப்பெருக்கு நிறுவனம். கரும்பு அங்கே நன்றாகப் பூக்கும், விதை பிடிக்கும், அதனால் ரகங்களைக் கலக்க முடியும். அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் "வெள்ளை" என்ற தடித்த இனிப்புக் கரும்பை எடுத்து நாணல் இனத்தோடு சேர்த்தார்கள். வாய்க்கால் ஓரத்தில் ஆளுயரம் வளர்ந்து வெள்ளையாகப் பூத்து நிற்குமே, அந்த நாணல். கடித்தால் இனிப்பே இருக்காது. ஆனால் எதையும் தாங்கும். அந்தச் சேர்க்கையில் பிறந்ததுதான் 1918இல் வெளிவந்த கோ 205. வட இந்தியாவின் கரும்புச் சாகுபடியையே அது மாற்றியது. கோ என்பது கோயம்புத்தூரின் முதல் எழுத்து. அதற்குப் பின் வந்த கோ ரகங்கள் பல நாடுகளுக்குப் போயின. பாட்டிலில் இருந்த அந்தச் சர்க்கரை உருண்டையில் நம் ஊர் நாணலின் ரத்தம் கொஞ்சமாவது இருக்கலாம் என்று சொன்னேன். அவள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

மயிலையின் கதையையும் முடித்துவிடுகிறேன். அடுத்த தை பிறந்ததும் அப்பாரு ஒரு செவலையை வாங்கி வந்தார். நாலு விரல் உயரம் குறைவு, வயதும் குறைவு. பூட்டினால் நுகத்தடி சாய்ந்தது. பாரம் முழுக்க மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிற மாதிரி செவலையின் கழுத்தில் விழுந்து, பத்தே நாளில் புண் வந்துவிட்டது. வாங்கியது தப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பாரு ஒரு மத்தியானம் முழுக்க வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏர்க்காலும் நுகத்தடியும் சேரும் கட்டை அவிழ்த்து, நடுவிலிருந்து மூன்று விரற்கடை மயிலையின் பக்கம் தள்ளிக் கட்டினார். செவலையின் பக்கத்தில் நுகத்தடிக்கு அடியில் சாக்குத் துணி சுற்றினார். கட்டு எந்தப் பக்கம் நெருங்குகிறதோ அந்த மாட்டுக்குப் பாரம் கூடும், மற்றதற்குக் குறையும். பெரிய மாடு கூடுதலாக இழுத்தது. சின்ன மாடு நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டுக் கற்றுக்கொண்டது. அந்தச் சோடிதான் பிறகு ஏழு வருடம் எங்கள் வண்டியை இழுத்தது. பார்வைக்கு ஒத்துவராத சோடி. சந்தைக்குக் கொண்டுபோயிருந்தால் தரகர்கள் ஏறிட்டும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறந்தநாளன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். தங்கை மகளே பிரெட்டில் வெண்ணெய் தடவினாள், அவளே தூவினாள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். வெண்ணெயில் சாயம் லேசாக இறங்கிக் கோலப்பொடி சிந்தினாற்போல் இருந்தது. முதல் துண்டை அமுச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மா ஒரு கடி கடித்து, "நல்லாத்தான் இருக்குது அம்மிணி" என்றார். நான் சாப்பிட்டபோது பல்லில் ஒவ்வொன்றாக உடைந்தது தெரிந்தது.

அவர்கள் ஊருக்குப் போன மறுவாரம் சமையலறையில் வறுபடுகிற சோம்பு வாசனை வந்தது. போய்ப் பார்த்தேன். அம்மா வாணலியை இறக்கி ஆறவைத்திருந்தார். பக்கத்தில் அந்த பாட்டில், அடியில் கால் பங்கு மிச்சம். சோம்பு நன்றாக ஆறியதும் அதை ஒரு டப்பாவில் கொட்டி, பாட்டிலைக் கவிழ்த்து நான்பரேல் முழுவதையும் அதன்மேல் போட்டு, மூடிக் குலுக்கினார். சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் ஒரு சிட்டிகை என் கையில் போட்டார்.